மூன்றாவதன் இழுப்பு

ஆவடி டாங்கித் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் எங்கள் எதிர்வரிசையில் குடியிருந்தவர் உலகநாதன். இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை. இயந்திரத்திலிருந்து வரும் பாகங்களை அளந்து பார்த்து, சரியானதை ஒரு பக்கமும் கழித்ததை இன்னொரு பக்கமும் வைக்க வேண்டும். அதிகம் பேசமாட்டார். பேச ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிட்டு, “அது கெடக்குது, வுடுங்க” என்பார். அவர் அப்படிப் பாதியில் விட்டதையும், அவர் மனைவி பேபி அடுப்படியில் என் மனைவியிடம் சொன்னதையும் பல வருஷங்களில் சேர்த்து வைத்ததுதான் இது.

வெள்ளானூர்க்காரர். அப்பா வேம்புலி, அம்மா தாயம்மா, இருவரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுக் களையெடுத்தவர்கள். அறுபதுகளின் ஆரம்பத்தில் இங்கே தொழிற்சாலை எழும்பத் தொடங்கியதும் வேம்புலி மண் சுமக்க வந்தார். கட்டடம் முடிந்த பிறகு உள்ளேயே ஒரு வேலை நிலைத்தது. அந்தச் சம்பளம்தான் உலகநாதனைக் காலேஜில் கொண்டுபோய்ச் சேர்த்தது. பையன் கணக்கில் கெட்டி. பட்டணத்தில் எம்.எஸ்ஸி. பௌதிகம் வரைக்கும் போய்விட்டார்.

அங்கே ஒரு நாள் கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு குறியை மாற்றிப் போட்டுவிட்டார். கூட்டல் இருக்க வேண்டிய இடத்தில் கழித்தல். யாருக்கும் நடக்கக்கூடியதுதான். வகுப்பெடுத்த விரிவுரையாளர் டஸ்டரால் அதை அழித்துவிட்டு, “உங்க ஊர்ல இப்படித்தான் கணக்குப் போடுவாங்களா?” என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. சிரித்தவர்கள் அடுத்த நிமிஷமே மறந்திருப்பார்கள். உலகநாதன் மறக்கவில்லை. அன்றிலிருந்து, தான் பலமுறை சரிபார்க்காத ஒன்றை அவர் யாருக்கும் காட்டியதில்லை. தப்பு என்பது அவருக்குக் கணக்கில் வருகிற ஒன்றாக இல்லாமல், தன் வீட்டைப் பற்றியும் ஊரைப் பற்றியும் யாரோ சொல்கிற ஒன்றாக ஆகிவிட்டது.

எழுபதில் அதே துறையில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். பேராசிரியர் ரகுநாதன்தான் வழிகாட்டி. நல்ல மனிதர், வெளிநாட்டுப் பத்திரிகைகளை வரவழைத்துப் படிப்பவர். அப்போதுதான் ஒரு புதிய யோசனை உலகமெங்கும் பேசப்பட ஆரம்பித்திருந்தது. பிரபஞ்சம் பிறந்த முதல் வினாடிக்குள்ளேயே சில இடங்களில் நெருக்கம் தாங்காமல் பொருள் தனக்குள்ளேயே நொறுங்கி, சின்னச் சின்னக் கருந்துளைகள் உண்டாகியிருக்கலாம் என்பது. நட்சத்திரம் என்று ஒன்று பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே. யாரும் பார்த்ததில்லை. பார்க்கவும் வழியில்லை. ஆனால் கணக்கு ‘இருக்கலாம்’ என்றது.

வீட்டில் தாயம்மா கேட்டார். “இன்னாத்தடா படிக்கிற அங்க, இம்மாம் நாளா?”

“உலகம் பொறந்த ஒடனே உண்டான ஓட்டைங்களப் பத்திம்மா.”

“ஓட்டையா? எதுல?”

“எதுலயும் இல்ல. ஒரு மலையை அப்டியே அமுக்கி அமுக்கி எள்ளை வுட சின்னதாப் பண்ணிட்டா எப்டி இருக்கும்? அதுகிட்ட போன எதுவும் திரும்பி வராது. வெளிச்சங்கூட வராது.”

“நீ பாத்துகீறியா?”

“பாக்க முடியாதும்மா.”

“வேற யாருனா?”

“யாரும் பாத்ததில்ல.”

தாயம்மா மோவாயில் கை வைத்துக்கொண்டார். “பாக்காத பொருளுக்கு மாசாமாசம் சம்பளம் குடுக்கறானுங்களா? நல்ல மனசுக்காரனுங்கடா” என்றார். உலகநாதன் இதைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பார்.

அதே வருஷம் சேர்ந்த இன்னொரு மாணவி பத்மா. அம்பத்தூரில் வீடு. அவர் அப்பா அங்கே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஃபோர்மன். உலகநாதன் வெள்ளானூரிலிருந்து சைக்கிளில் ஆவடிக்கு வந்து காலை பாசஞ்சரைப் பிடிப்பார். அம்பத்தூரில் பத்மா ஏறுவார். அப்போது மின்சார ரயில் வரவில்லை. கரிப்புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்து சட்டையெல்லாம் படியும். அந்தப் புகையில் நின்றுகொண்டுதான் இருவரும் பேச ஆரம்பித்தார்கள். ஒருவரை ஒருவர் ‘நீங்க’ என்றுதான் கடைசிவரை கூப்பிட்டுக்கொண்டார்கள். காதல், கீதல் எதுவும் இல்லை. கேட்டவர்களுக்கு அதை நம்புவது கஷ்டமாக இருந்தது, அவ்வளவுதான். உலகநாதனுக்கு மாமன் மகள் பேபி என்று சின்ன வயதிலேயே பேச்சு முடிந்திருந்தது. பத்மாவுக்கு அது தெரியும்.

அவர்களைப் பிடித்துக்கொண்டது ஒரு கேள்வி. அந்த ஆதிக் கருந்துளைகளில் இரண்டு, தற்செயலாக, பக்கத்தில் பக்கத்தில் பிறந்திருந்தால் என்ன ஆகும்?

பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது. அந்த விரிவு எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து ஒன்று விலக்கிக்கொண்டே போகும். ஆனால் இரண்டும் போதுமான அளவு நெருக்கமாக இருந்தால், ஒரு கட்டத்தில் அவற்றின் ஈர்ப்பு அந்த விரிவை ஜெயித்துவிடும். விலகிப் போவது நிற்கும். பிறகு இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று விழத் தொடங்கும். விழுந்து ஒன்றாகிவிடும். அப்படி எத்தனை ஜோடிகள் இருக்கும், எப்போது விழும் என்பது உலகநாதனின் பகுதி. ஒன்றாகும் அந்தக் கணத்தில், குளத்தில் கல் விழுந்ததுபோல, வெளியே எவ்வளவு ஈர்ப்பு அலை கிளம்பும் என்பது பத்மாவின் பகுதி. உலகநாதன் முடிவு செய்து கொடுப்பதை வைத்துத்தான் பத்மா மேலே போக முடியும். இரண்டையும் சேர்த்து ஒரே கட்டுரை. பிறகு ஆளுக்கொரு ஆய்வேடு.

எழுபத்துமூன்றின் தொடக்கத்தில் துறையில் இருவரும் சேர்ந்து ஒரு கருத்தரங்கு பேசினார்கள். உலகநாதன் முதலில். இரண்டும் நேருக்கு நேர் விழுந்து மோதும் என்று காட்டினார். அடுத்து பத்மா, நேர்மோதலில் கிளம்பும் அலையைக் கணக்கிட்டுச் சொன்னார். வெளியூரிலிருந்து வந்திருந்த ஒருவர் எழுந்து, “நீங்க ரெண்டை மட்டும் வெச்சுப் பேசறீங்க. பக்கத்துல மூணாவதா ஒண்ணு இருந்தா? அது இழுக்காதா?” என்று கேட்டார்.

உலகநாதன் தயங்கவேயில்லை. “அது ரொம்பத் தூரத்துல இருக்கும் சார். அந்த இழுப்பு ரொம்பச் சின்னது. விட்டுடலாம்.”

கேட்டவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். பேராசிரியர் ரகுநாதனும் தலையாட்டினார். முடிந்த பிறகு அவர் பத்மாவிடம், “உலகநாதன் பகுதியை நீயும் ஒருமுறை பாத்துடு” என்றபோது பத்மா, “அவர் பாத்துட்டா நான் பாக்க வேண்டியதில்ல சார்” என்றாராம். அதைக் காதால் கேட்டுக்கொண்டு நின்றார் உலகநாதன். தன் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய மரியாதை கிடைத்ததில்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அதைச் சொன்னபோது அவர் முகம் சந்தோஷமாக இல்லை.

அந்த வருஷமே தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவுக்குப் பௌதிகம் படித்தவர்களை எடுத்தார்கள். வேம்புலிக்கு முதுகு ஒத்துழைக்கவில்லை. அரசாங்க வேலை, குவார்ட்டர்ஸ் கிடைக்கும், பேபியையும் கட்டிவைத்துவிடலாம். வீட்டில் யாரும் கட்டாயப்படுத்தவில்லை. வேம்புலி மட்டும் ஒரு தடவை, “நைனா சொல்றேன்னு செய்யாத. ஒனக்குப் புட்சிருந்தா செய்யி” என்றார். அப்படிச் சொன்ன பிறகு மறுப்பது இன்னும் கஷ்டமாக இருந்தது.

பத்மாவிடம் ரயிலில் சொன்னார். அவருக்கு வருத்தம்தான். ஆனாலும், “போங்க. வேலை முக்கியம். உங்க பகுதிதான் முடிஞ்சிருச்சே, எழுத வேண்டியதுதானே பாக்கி? காலைல கொஞ்ச நேரம் உக்காந்தீங்கன்னா ரெண்டு மாசத்துல எழுதிடலாம்” என்றார்.

“எழுதிடறேன்” என்றார் உலகநாதன். உண்மையாகவே எழுதிவிட நினைத்துத்தான் சொன்னார்.

கல்யாணம் நடந்தது. எங்கள் எதிர்வரிசையில் வீடு கிடைத்தது. தினமும் விடிந்ததும், தொழிற்சாலைச் சங்கு ஊதுவதற்குள், முன்னறையில் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு எழுத உட்காருவார். முக்கால்வாசி எழுதியாகிவிட்டது. மூன்றாவது கருந்துளையைப் பற்றி அந்த ஆள் கேட்டாரே, அதற்கும் ஒரு வரி போட்டுவிடலாம் என்று தோன்றியது. ‘இந்த இழுப்பு இவ்வளவுதான், ஆகவே புறக்கணிக்கலாம்’ என்று ஒரு அடிக்குறிப்பு. அதற்காக அந்த இழுப்பு எவ்வளவு என்று முதல்முறையாகக் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

சின்னதுதான். ரொம்பச் சின்னதுதான். ஆனால் கருந்துளை அதைவிடச் சின்னது. இரண்டும் வெகுதூரத்திலிருந்து ஒன்றை நோக்கி ஒன்று விழுந்து வரும்போது, அந்த மூன்றாவதன் இழுப்பு பக்கவாட்டில் ஒரு துளி தள்ளிவிட்டால் போதும். அருகில் வரும்போது அந்தத் துளி, கருந்துளையின் அகலத்தைப் போலப் பல்லாயிரம் மடங்கு விலகலாக ஆகிவிடுகிறது. ஒன்றை ஒன்று தொடாமல் தாண்டிப் போய்விடும். திரும்பவும் இழுபடும், திரும்பவும் தாண்டும். மோதாது. நீண்டு நெளிந்த பாதையில் ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும்.

நேர்மோதல் என்று ஒன்று கிடையாது. கருத்தரங்கில் அவர் சொன்னது தப்பு. அதை நம்பிப் பத்மா போட்ட கணக்கு மொத்தமும் இல்லாத ஒரு மோதலைப் பற்றியது.

உலகநாதன் மறுபடி போட்டுப் பார்த்தார். மறுநாளும் பார்த்தார். தப்பு தப்பாகவே இருந்தது. அன்றைக்குச் சங்கு ஊதியது காதில் விழவில்லை. பேபி வந்து தோளைத் தொட்டார். “இன்னா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா? மொகம் இப்டிக் கீது?”

“ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அன்றைக்கே ஒரு கார்டு போட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூரில் இறங்கி நேரில் சொல்லியிருக்கலாம். ஒரு வாரம் விட்டார். எப்படியாவது வேறு வழியில் சரிசெய்துவிடலாம் என்று பார்த்தார். வழி இல்லை. அந்த ஒரு வாரம் ஒரு மாதமாயிற்று. சொல்லாமல் விட்ட மாதம் ஒன்று சேர்ந்துவிட்டால், அடுத்த மாதம் தப்பை மட்டும் சொன்னால் போதாது, சொல்லாமல் இருந்ததையும் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கு அவருக்குக் கூடிக்கொண்டே போனது.

எழுபத்துநான்கில் பத்மா முதல்முறையாகக் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். கையில் மல்லிகைப்பூவும் பேபிக்கு ஒரு டஜன் கண்ணாடி வளையலும். இரண்டு பெண்களுக்கும் உடனே பிடித்துப்போயிற்று. பேபி டீ போட்டுக் கொடுத்தார்.

“எவ்வளவு ஆச்சு உலகநாதன்?” என்றார் பத்மா.

“ஆவுது. அடுத்த மாசம் குடுத்துடறேன்.”

“சார் கேட்டுட்டே இருக்கார். நீங்க சொன்னதை நானே எழுதிடச் சொல்றார். நான் மாட்டேன்னுட்டேன். உங்களோடதை நீங்கதான் எழுதணும்.”

“அடுத்த மாசம்” என்றார் உலகநாதன் மறுபடி.

பத்மா போன பிறகு பேபி டம்ளர்களை எடுத்துக்கொண்டே கேட்டார். “முக்காவாசி அப்பவே எளுதிட்டேன்னு நீதான சொன்ன? அப்பால ஏன் அந்தம்மாகிட்ட இப்டி சொல்ற?”

அன்றைக்குத்தான் அவர் பேபியிடம் சொன்னார். முழுக்கப் புரியும்படி இல்லை. போட்ட கணக்கு தப்பாகிவிட்டது, அதைச் சொன்னால் பத்மாவின் வேலையும் பாழ் என்பது மட்டும் பேபிக்குப் புரிந்தது.

“அவ்ளோதானா?” என்றார் பேபி. “அத்த அந்தம்மாகிட்டயே சொல்லிட்டா இன்னா? தப்பாப் பூட்ச்சுன்னு சொல்லேன். அடிச்சிடுவாங்களா?”

“ஒனக்குத் தெரியாது.”

“எனக்குத் தெரியாதுதான். அவங்களுக்குத் தெரியுமில்ல?”

பேபி எங்கள் வீட்டில் இதைச் சொன்னபோது, “நான் இன்னும் கொஞ்சம் சண்ட போட்டிருக்கணும் அக்கா. புதுசாக் கண்ணாலம் ஆனவ, கம்னு இருந்துட்டேன்” என்று தன்னையும் அந்தக் குற்றத்தில் சேர்த்துக்கொண்டார்.

இரண்டாம் முறை பத்மா வந்தபோதும் அதே ‘அடுத்த மாசம்’தான். பத்மாவின் குரலில் கொஞ்சம் அவசரம் இருந்தது. பேராசிரியர் ஓய்வுபெறப் போகிறார். அதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட வேண்டும். மூன்றாம் முறை எழுபத்தைந்தில், மழை பெய்து ஓய்ந்த ஒரு சனிக்கிழமை. உலகநாதன் வாசலில் நின்றிருந்தார். தெருமுனையில் பஸ்ஸிலிருந்து இறங்கிய பத்மா, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் பார்த்துப் பார்த்து நடந்து வருவது தெரிந்தது. அவர் உள்ளே திரும்பினார். “ஓவர்டைம்னு சொல்லிடு” என்று பேபியிடம் சொல்லிவிட்டுப் பின்கதவு வழியாகத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விட்டார்.

பேபிக்குப் பொய் வராது. “அவரு... ஓவர்டைமுக்குப் போய்கீறாரு” என்று இழுத்தார்.

வாசலில் சைக்கிள் நின்றது. செருப்பும் கிடந்தது. பத்மா இரண்டையும் பார்த்தார். உட்காரவில்லை. “பரவாயில்ல. வந்தா சொல்லுங்க, நான் கோவமா இல்லன்னு” என்று சொல்லிவிட்டு அதே சேற்றில் திரும்பி நடந்தார். அதற்குப் பிறகு வரவில்லை.

உலகநாதன் தொட்டி மறைவில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வந்ததும் பேபி அவரோடு பேசவில்லை. இரண்டு நாள் பேசவில்லை.

பிறகு செய்திகள் மட்டும் வந்தன. பேராசிரியர் ரகுநாதன் ஓய்வுபெற்று மகனோடு இருக்க வடக்கே போனார். புதிதாக வந்தவர் பத்மாவிடம் அந்தத் தலைப்பை விட்டுவிட்டு வேறு எடுக்கச் சொன்னார். அதற்குள் பத்மாவின் அப்பாவுக்கும் வேலை முடிந்துவிட்டது. பத்மா ஆராய்ச்சியை விட்டுவிட்டுப் பூந்தமல்லியில் ஒரு பெண்கள் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியையாகச் சேர்ந்தார், கல்யாணமும் செய்துகொண்டார் என்று அம்பத்தூரில் யாரோ சொன்னார்கள். கல்யாணப் பத்திரிகை உலகநாதனுக்கு வரவில்லை. அதில் அவருக்கு வருத்தமில்லை. அனுப்பியிருந்தால் போயிருக்கமாட்டேன் என்றார்.

எழுபத்தொன்பது தொடக்கத்தில் ஒரு மத்தியானம், சாப்பாட்டு இடைவேளையில், தொழிற்சாலை வாசகசாலையில் ஆங்கிலப் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார். உள்பக்கத்தில் சின்னதாக ஒரு செய்தி. வானத்தில் இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றை ஒன்று சுற்றுகின்றன. வருஷத்துக்கு வருஷம் அந்தச் சுற்றுப்பாதை சுருங்கிக்கொண்டே வருகிறது. ஈர்ப்பு அலையாகச் சக்தி வெளியே போவதால்தான் அப்படி என்று அமெரிக்காவில் அளந்து காட்டியிருக்கிறார்கள்.

அவர் பேப்பரை மடித்து வைத்தார். மோதாமல் சுற்றுகிறது என்று கண்டதும் ‘தப்பு’ என்று எழுந்துவிட்டாரே, சுற்றுவது அப்புறம் என்ன ஆகும் என்று அவர் கேட்கவேயில்லை. சுற்றச் சுற்ற அலை போய்க்கொண்டேயிருக்கும். பாதை சுருங்கும். சில ஜோடிகள் சீக்கிரமே ஒன்றாகிவிடும். சில வெகுகாலம் எடுத்துக்கொள்ளும். நேர்மோதலாக இருந்தால் எல்லாம் ஆதியிலேயே நடந்து முடிந்து, இன்றைக்கு யாரும் அறிய வழியில்லாமல் போயிருக்கும். மூன்றாவதன் அந்தச் சின்ன இழுப்பால், உலகம் பிறந்தபோது பிறந்த ஜோடிகளில் சில இன்றைக்கும் எங்கேயோ சுற்றி முடித்து ஒன்றாகிக்கொண்டிருக்கலாம். அந்த அலை என்றைக்காவது பூமிக்கும் வரலாம்.

ஐந்து வருஷம் தள்ளிப் போட்டதை மூன்று வாரக் காலைகளில் எழுதி முடித்தார். பேபி எதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்த நாட்களில் தண்ணீர் பிடிக்கும் சத்தம்கூட வராமல் பார்த்துக்கொண்டார். எழுதி முடித்த அன்றைக்கு, “எடுத்துகினு போ” என்று மட்டும் சொன்னார்.

பூந்தமல்லிப் பள்ளியில் கடைசி மணி அடித்துப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். விஞ்ஞான அறையில் பத்மா மேசைமேல் கிடந்த சோதனைக் குழாய்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது, கண்ணாடி போட்டிருந்தார்.

“வாங்க உலகநாதன்” என்றார், நேற்றுத்தான் பார்த்ததுபோல. “பேபி நல்லா இருக்காங்களா?”

“நல்லா இருக்கா.” உலகநாதன் தாள்களை நீட்டினார்.

பத்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். நின்றபடியே படிக்க ஆரம்பித்தார். இரண்டாம் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உலகநாதன் சுவரில் மாட்டியிருந்த தவளைப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாட்ச்மேன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

“இது எப்பத் தெரிஞ்சது உங்களுக்கு?” பத்மா தலை நிமிராமல் கேட்டார்.

“மோதாதுன்றது... வேலைக்குச் சேர்ந்த ரெண்டு மூணு மாசத்துலயே.”

“எழுபத்துமூணுல.”

“ஆமா.”

“நான் முதல்ல வந்தப்ப தெரியும்.”

“தெரியும்.”

“சனிக்கிழமை வந்தப்பவும்.”

உலகநாதன் மறுபடி தவளைப் படத்தின் பக்கம் திரும்பினார். பத்மா தாளைத் திருப்பினார். ஓரிடத்தில் விரலை வைத்து, “இங்க மூணாவது ஒண்ணை மட்டும்தான் எடுத்திருக்கீங்க. சுத்தி இருக்கற எல்லாத்தையும் கூட்டினாக் கொஞ்சம் மாறும்” என்றார். குரல் பழைய ரயில் குரலாக இருந்தது. உலகநாதன் ஆவலாக ஒரு அடி முன்னால் வந்தார். பத்மா அதைக் கவனித்து, விரலை எடுத்துவிட்டார்.

“தப்புன்னு சொல்ல பயந்துட்டேங்க” என்றார் அவர்.

“தப்பா?” பத்மா கண்ணாடியைக் கழற்றினார். “அன்னைக்கே வந்து ‘மோதாது, பத்மா, சுத்தும்’னு சொல்லியிருந்தீங்கன்னா நான் அம்பத்தூர் ஸ்டேஷன்லயே சந்தோஷத்துல குதிச்சிருப்பேன். அதுல நல்ல விஷயமே இதுதானே? நாம சொன்னது யாருக்கு வேணும்? ரெண்டு விழுந்துச்சு, முடிஞ்சுது. இது அப்படி இல்லையே.”

“நீங்க போட்டதெல்லாம் வீணாயிடும்னு...”

“வீணாயிருக்கும். ஒரு வருஷம் வீணாயிருக்கும். மறுபடி போட்டிருப்பேன்.” புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தார். “எனக்கு ரொம்ப நாள் வருத்தம் இருந்துச்சு உலகநாதன். என்ன தப்பு பண்ணினோம், ஏன் மனுஷன் ஒளியறாருன்னு. அப்புறம் மெதுவாப் போயிருச்சு. பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தறேன், நல்லாத்தான் இருக்கேன். இப்ப நீங்க அதைத் திரும்பக் கொண்டுவந்திருக்கீங்க.”

உலகநாதனுக்குக் கண் கலங்கியது. “ரெண்டு பேர் பேருலயும் அனுப்பலாம்” என்றார்.

“வேண்டாம்.” பத்மா தாள்களை அடுக்கி நீட்டினார். “என் பகுதி நேர்மோதல். இதுல அது எங்க இருக்கு? நீங்களே பாருங்க. எந்தப் பக்கத்துலயும் இல்ல. நான் செய்யாததுக்கு என் பேரைப் போடாதீங்க. உங்க பேர்ல அனுப்புங்க. கண்டிப்பா அனுப்புங்க.”

கோபத்தில் சொல்லவில்லை. அதனால்தான் அவரால் எதிர்த்துப் பேச முடியவில்லை.

அனுப்பினார். சில மாதங்களில் திரும்பி வந்தது. ஆதிக் கருந்துளை என்பதே ஒரு ஊகம், அதில் ஜோடி என்பது ஊகத்தின் மேல் ஊகம், அலையை அளக்கக் கருவியும் இல்லை, ஆகவே இப்போதைக்குப் பிரசுரிக்க இயலாது என்ற அளவில் மரியாதையாகத்தான் பதில். கணக்கைக் குறை சொல்லவில்லை. இன்னும் விரிவாக்கி, சுற்றியுள்ள எல்லாவற்றின் இழுப்பையும் கூட்டி, வேறு இடத்துக்கு அனுப்பியிருக்கலாம். கூடப் பேசிப் பேசிச் செய்ய ஆள் இருந்திருந்தால் செய்திருப்பார். தனியாக உட்கார்ந்தபோது கை ஓடவில்லை. பத்மா விரல் வைத்த அந்த இடத்துக்கு வந்ததும் எழுந்துவிடுவார். பிறகு எழுத உட்காருவதே நின்றுபோயிற்று.

பேபி சில நேரம் அவரைக் கேட்பார்: “அந்த ஓட்டைங்க இன்னும் சுத்திகினுதான் கீதா?” கிண்டலாக இல்லை, விசாரிப்பாகத்தான். “கீது” என்பார் அவர்.

அந்த வருஷக் கடைசியில், தொழிற்சாலையில் எங்களோடு வேலை பார்த்த கன்னியப்பன் தன் மகள் கல்யாணத்தைப் பூந்தமல்லியில் ஒரு மண்டபத்தில் வைத்தார். மணப்பெண் பத்மாவிடம் படித்தவள். நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். சாப்பாட்டுப் பந்திக்குக் காத்திருந்த இடத்தில் பத்மா தன் கணவரோடு வந்தார். எங்களைப் பார்த்ததும் நேராக வந்து பேபியின் கையைப் பிடித்துக்கொண்டார். பேபி அழுதுவிட்டார். ஏன் அழுகிறார் என்று பத்மாவின் கணவருக்குத் தெரியவில்லை. கல்யாண வீட்டில் பெண்கள் அழுவது சகஜம்தானே என்பதுபோல நின்றார்.

பத்மா உலகநாதனைக் காட்டி, “இவர் உலகநாதன். எங்கூடப் படிச்சவர்” என்றார்.

உலகநாதன் கை கூப்பினார். பத்மா இன்னும் ஏதாவது சொல்வார் என்று அவர் எதிர்பார்த்தது பக்கத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது. பத்மாவின் கணவர், “அப்படியா? எந்த காலேஜ்?” என்று கேட்டார். பிறகு ஆவடியில் தண்ணீர் எப்படி வருகிறது என்று பேச்சு திரும்பியது. அடுத்த பந்திக்குக் கூப்பிட்டார்கள். பத்மாவும் கணவரும் முன்னால் போனார்கள். அந்த வரிசையில் இன்னும் ஒரு இலை காலியாக இருந்தது. பேபி உலகநாதனைப் போகச் சொன்னார். அவர், “வுடு, அடுத்ததுல ஒக்காந்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.